சான்ட் பேப்பரில் மணல் எங்கே?

ஹார்ட்வெயார் கடையில் "நானா, சான்ட் பேப்பர் ரெண்டு தாங்க" என்று கேட்டு வாங்குகிறோம். சிங்களத்தில் அது வெலி கடதாசி. பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடநூலில் அரத்தாள். ஆங்கிலப் பெயரும் சிங்களப் பெயரும் மணலைச் சொல்கின்றன. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் தாள்களில் அநேகமாக மணலே இல்லை. பலகை தேய்க்கும் கபில நிறத் தாளில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஒட்சைட்டு. கராஜ்களில் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாளில் இருப்பது சிலிக்கன் காபைட்டு.

அலுமினியம் ஒட்சைட்டு நமக்கு அந்நியமான பொருள் அல்ல. அது மண்ணுக்குள் பளிங்காக விளைந்தால் அதற்குக் குருந்தம் என்று பெயர். அதில் சிறிது குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகும். இரும்பும் தைத்தேனியமும் இம்மியளவு சேர்ந்தால் நீலக்கல். இரத்தினபுரியில் சுரங்க மண்ணைக் கழுவிக் கழுவித் தேடுகிற கல்லும், கதவைத் தேய்த்துவிட்டு நாம் குப்பையில் எறிகிற தாளில் உள்ள துகளும் அடிப்படையில் ஒரே பொருள்தான். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை.

பெருநாள் நெருங்குகிறது. வீடுகளில் பெயின்ட் வேலை தொடங்கிவிட்டது. தெருவில் நடந்தாலே யாரோ ஒருவர் யன்னலைத் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. இந்த நேரத்தில் இந்தத் தாளின் வரலாற்றை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது கடைசியில் வரும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

தாள் வருவதற்கு முன்பும் மனிதன் மரத்தைத் தேய்த்துத்தான் இருக்கிறான். நமது உலர் வலயக் காடுகளில் பராய் மரம் உண்டு. பிராய் என்றும் சொல்வார்கள். அதன் இலையைத் தொட்டுப் பார்த்தால் பூனையின் நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மரத்தையும் தந்தத்தையும் மெருகிடவும் சட்டிபானை துலக்கவும் இந்த இலையைப் பாவித்தார்கள். தாய்லாந்தில் இதே மரத்தின் பட்டையிலிருந்து கடதாசி செய்து ஏடுகள் எழுதினார்கள். ஒரே மரத்தில் கடதாசியும் தேய்க்கும் இலையும்! ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் குதிரைவால் எனப்படும் கணுக்கணுவான ஒரு பூண்டைக் கட்டாகக் கட்டித் தேய்த்தார்கள். அதன் தண்டில் சிலிக்கா படிந்திருக்கும். கடற்கரை ஊர்களில் உள்ளவர்களுக்கு இன்னொன்றைச் சொல்லத் தேவையில்லை. சுறாவைத் தலையிலிருந்து வால்பக்கம் தடவினால் வழுவழுப்பு, வாலிலிருந்து தலைப்பக்கம் தடவினால் கை கிழியும். அந்தத் தோலைக் காயவைத்து மரம் தேய்த்த தச்சர்கள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இருந்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் ஒரே சூட்சுமம்தான். தேய்க்கும் பொருள், தேய்படும் பொருளைவிடக் கடினமாக இருக்க வேண்டும். தேய்ப்பது என்பது உண்மையில் கீறுவது. பெரிய கீறலைச் சிறிய கீறலால் அழிக்கிறோம், அதை இன்னும் சிறிய கீறலால். கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத அளவுக்குக் கீறல் சிறுத்துவிட்டால் அதை வழுவழுப்பு என்கிறோம். தாளின் பின்பக்கம் 80, 120, 220, 400 என்று அச்சிட்டிருப்பது அதற்காகத்தான். துகளைச் சலிக்கும் வலையில் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை கண்கள் என்ற கணக்கிலிருந்து வந்த எண் அது. எண் ஏற ஏற துகள் சிறுக்கும். 80க்குப் பிறகு நேரே 400க்குத் தாவும் அவசரக்காரர்களின் மேசையில் வார்னிஷ் பூசிய பிறகுதான் கீறல்கள் எழும்பித் தெரியும். தச்சு பாஸ்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

மரத்துக்கு இலை போதும். கல்லுக்கு என்ன செய்வது? இந்த இடத்தில்தான் நமது தீவு வரலாற்றுக்குள் வருகிறது.

கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தியவர் பிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர், 1812இல். அந்த வரிசையில் மணலின் பிரதான கனிமமாகிய குவாட்ஸ் 7ஆம் இடம். குருந்தம் 9. வைரம் 10. ஆகவே மாணிக்கத்தையோ நீலக்கல்லையோ மணலால் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. வைரத் தூள் கைக்கெட்டாத காலத்தில் குருந்தத்தை வெட்டக் குருந்தத்தையே நாடவேண்டியிருந்தது. நிறமும் தெளிவும் இல்லாத கழிவுக் கற்களை இடித்துத் தூளாக்கி, அந்தத் தூளால் நல்ல கற்களைப் பட்டை தீட்டினார்கள்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய ஆட்சியில் அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த இப்னு குர்தாத்பிஹ், 'கிதாபுல் மஸாலிக் வல் மமாலிக்' என்ற புவியியல் நூலை எழுதினார். அதில் ஸரன்தீபைப் பற்றிச் சொல்லும்போது மலையைச் சூழக் கிடைக்கும் மாணிக்கங்களைச் சொல்கிறார், முத்துக் குளிப்பதைச் சொல்கிறார். கூடவே, இந்நாட்டு நிலத்தில் சுன்பாதஜ் இருக்கிறது, அதைக் கொண்டுதான் இரத்தினங்களை வேலை செய்கிறார்கள் என்றும் எழுதுகிறார். சுன்பாதஜ் என்பது குருந்தத் தூள், எமரி. ஸரன்தீபின் மாணிக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர். அதை மாணிக்கமாக்கிய தூளைக் கவனித்து எழுதிய பழையவர்களில் இவர் ஒருவர் என்பதால் எங்களுக்கு இவர் மேல் தனி மதிப்பு.

இந்தத் தொழில் நம் சமூகத்தோடு எவ்வளவு நெருக்கமானது என்பது பேருவளையிலும் காலியிலும் உள்ளவர்களுக்குத் தெரியும். ஹனபோருவ என்று சிங்களத்தில் சொல்லப்படும் பழைய பட்டறையில், நிலத்தில் உட்கார்ந்து ஒரு கையால் வில்லை இழுத்துச் சில்லைச் சுழற்றி, மறு கையால் கல்லை அதில் பிடிப்பார்கள். சில்லில் குருந்தத் தூள். இறுதி மெருகுக்கு நெற்சாம்பல். நெல்லில் இயல்பாகவே சிலிக்கா அதிகம், அதனால்தான் அந்தச் சாம்பல் மெருகு தரும். எங்களுக்கு ஆச்சரியம் தருவது விரல்கள்தான். எந்தக் கோண அளவியும் இல்லாமல் ஒரு பட்டையின் சாய்வை விரல் நினைவில் வைத்திருந்தது.

ஐரோப்பியர் எமரியை அதிகம் எடுத்தது கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவிலிருந்து. 1840களின் இறுதியில், ஒஸ்மானிய அரசுக்கு வேலை செய்த லோரன்ஸ் ஸ்மித் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் துருக்கி நிலத்தில் எமரியைக் கண்டுபிடிக்க, நக்ஸோஸின் தனியாதிக்கம் உடைந்தது. ஆனால் அந்தக் கனிமத்தின் பெயர் கிரேக்கத்திலிருந்து வரவில்லை. 1798இல் சார்ல்ஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர், ஆசியாவிலிருந்து வரும் இந்தக் கல்லைப் பற்றி லண்டன் றோயல் சொசைட்டியின் ஏட்டில் கட்டுரை எழுதினார். 'கொரண்டம்' என்ற பெயர் விஞ்ஞானத்தில் நிலைத்தது அதன் பிறகுதான். அது நமது 'குருந்தம்'. உலகத்தின் எந்த மூலையில் கனிமவியல் படித்தாலும் மாணவர் வாயில் ஒரு தமிழ்ச் சொல் வந்துபோகிறது.

தாள் எப்போது வந்தது? பசை தடவிய தாளில் கண்ணாடித் தூளை ஒட்டும் வேலை சிறிய அளவில் முன்பே இருந்தது. அதைத் தொழிற்சாலைப் பொருளாக்கியவர் லண்டனைச் சேர்ந்த ஜோன் ஓக்கி, 1833இல். அடுத்த வருடம் அமெரிக்காவில் வெர்மொன்ட் மாநிலத்தின் ஐசாக் ஃபிஷர் சான்ட் பேப்பருக்குக் காப்புரிமை பெற்றார். பசை என்றால் மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சிய வச்சிரம்தான். நம் ஊர் மாரிக்கு அது ஒரு கிழமை தாங்காது. ஈரம் பட்டதும் துகள் உதிர்ந்துவிடும். ஆகவே அந்தக் காலத் தாளால் காய்ந்த நிலையில்தான் தேய்க்க முடியும். காய்ந்து தேய்த்தால் தூசி கிளம்பும். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததை வாசியுங்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் உலகத்துக்கே கத்தியும் முள்ளுக்கரண்டியும் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. உருக்கைத் தீட்டப் பெரிய மணற்கல் சில்லுகள். மணற்கல் என்றால் குவாட்ஸ், அதாவது சிலிக்கா. சில்லின் மேல் குனிந்து உட்கார்ந்து நாள் முழுக்கத் தீட்டுவார்கள். கத்தியைத் தீட்டும்போது சில்லில் தண்ணீர் விடுவார்கள். முள்ளுக்கரண்டியைக் காய்ந்த சில்லில் தீட்டுவார்கள். அந்நகரத்து வைத்தியர் ஆர்னல்ட் நைட் இந்தத் தொழிலாளர்களைக் கவனித்து எழுதிய கணக்கை 1845இல் பிரெட்ரிக் ஏங்கல்ஸ் தன் நூலில் எடுத்துத் தந்திருக்கிறார். தண்ணீரில் தீட்டிய மேசைக்கத்திக்காரர்கள் 40க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதில் இறந்தார்கள். காய்ந்த கல்லில் தீட்டிய முள்ளுக்கரண்டிக்காரர்கள் 28 முதல் 32 வயதுக்குள். நகரமும் ஒன்று, கல்லும் ஒன்று. தண்ணீர் மட்டும்தான் வித்தியாசம்.

28 வயது என்றால் நமது மாணவர்கள் பல்கலைக்கழகம் முடித்து முதல் வேலைக்குப் போய் இரண்டொரு வருடம். அந்த வயதில் அவர்களின் சுவாசப்பை கல்லாகியிருந்தது. இன்று அந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். நுண்ணிய சிலிக்கா சுவாசப்பையில் தங்கினால் அதைச் சுற்றித் தழும்பு வளரும். தழும்பு திரும்பி மாறாது. இன்றும் மாற்றும் மருந்து இல்லை.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. தூசியை இழுத்துக்கொள்ளும் காந்த முகமூடியும், உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியும் அப்போதே வந்திருந்தன. தொழிலாளர்களில் பலர் அவற்றை விரும்பவில்லை. ஆபத்து குறைந்தால் கூடுதல் பேர் இந்தத் தொழிலுக்கு வருவார்கள், ஆள் கூடினால் கூலி குறையும் என்று பயந்தார்கள். அவர்களை மடையர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். தன் ஆயுளைக் குறைக்கும் தூசிதான் தன் கூலியையும் காக்கிறது என்று கணக்குப் போடும் நிலைக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்த முதலாளிமாரைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

மணற்கல்லுக்கு மாற்று எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து வந்தது. 1891இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வர்ட் குட்ரிச் அச்சசன் என்பவர் செயற்கை வைரம் செய்ய ஆசைப்பட்டார். ஓர் இரும்புக் கிண்ணத்தில் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து பலத்த மின்னோட்டத்தைச் செலுத்தினார். வைரம் வரவில்லை. காபன் கோலின் நுனியில் சில மினுக்கும் பளிங்குகள் ஒட்டியிருந்தன. காபனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து இரண்டையும் இணைத்து 'காபொரண்டம்' என்று பெயர் வைத்தார். சோதித்துப் பார்த்தால் அதில் குருந்தமே இல்லை, அது சிலிக்கன் காபைட்டு. பெயர் மட்டும் மாறவில்லை. தவறாகவேனும் நமது சொல் அந்தத் தொழிற்சாலையின் வாசல் பலகை வரை போயிற்று! முதலில் அதை வாங்கியவர்கள் இரத்தினம் வெட்டுகிறவர்கள், இராத்தலுக்கு 880 டொலர் கணக்கில். பிறகு நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தில் தொன் கணக்கில் உருக்கத் தொடங்கியதும் விலை மண்ணுக்கு வந்தது. அதே காலப்பகுதியில் பாக்சைட்டை மின்னுலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தமும் செய்தார்கள். நமது கபில நிறத் தாள் அங்கிருந்து வருகிறது.

1902இல் மின்னசோட்டாவில் ஐந்து பேர் சேர்ந்து குருந்தச் சுரங்கம் ஒன்றுக்காகக் கம்பனி தொடங்கினார்கள். தோண்டியெடுத்தது குருந்தம் அல்ல, பயனற்ற வேறொரு பாறை. வேறு வழியில்லாமல் வெளியிலிருந்து கல் வாங்கி சான்ட் பேப்பர் செய்யப் போனார்கள். 1914இல் ஸ்பெயினிலிருந்து வந்த கானெட் கல்லில் கப்பலிலேயே ஒலிவ் எண்ணெய் சிந்தி ஊறிவிட்டது. அது தெரியாமல் செய்த தாள்களில் துகள் உதிர, வாங்கியவர்கள் திருப்பி அனுப்பினார்கள். கல்லை வறுத்து எண்ணெயைப் போக்கித்தான் மீட்டார்கள். இந்தக் கம்பனிதான் இன்றைய 3எம். கொரோனா காலத்தில் நாம் தேடித் திரிந்த முகமூடிகளில் அவர்களுடையதும் ஒன்று.

அவர்களுக்கு ஒரு நாள் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஃபிரான்சிஸ் ஓக்கி என்ற இளைஞரின் கடிதம் வந்தது. உங்களிடம் உள்ள துகள் வகைகளின் மாதிரி எல்லாம் அனுப்புங்கள் என்று. எதற்கு என்று விசாரித்தபோது, நனைத்தாலும் உதிராத தாள் ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தது தெரியவந்தது. உரிமையை வாங்கி, அவரையும் வேலைக்கு எடுத்து, 1921இல் 'வெட்ஓர்ட்ரை' என்று விற்பனைக்கு விட்டார்கள். கார் பெயின்ட் வேலைத்தலங்களில் தூசி அடங்கியது. அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருந்ததால் அந்தத் தூசி விஷம். ஷெஃபீல்டில் சில்லின் மேல் ஊற்றிய தண்ணீரைத் தாளின் மேல் ஊற்ற இவ்வளவு காலம் எடுத்தது. (சவர பிளேடுக்குப் பதிலாக மெல்லிய சான்ட் பேப்பரால் முகத்தைத் தேய்க்கலாம் என்றும் இதே ஓக்கி யோசனை சொன்னாராம். நல்லவேளை, அது சந்தைக்கு வரவில்லை.)

பலகைத் தூசி இயற்கையானது, அது என்ன செய்யப்போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் கதிரை செய்வதில் பெயர் பெற்றது, நமது மொறட்டுவை மாதிரி. 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை வைத்தியர் எஸ்மி ஹாட்ஃபீல்ட், மூக்கினுள் வரும் மிக அபூர்வமான ஒரு புற்றுநோய் தளபாடத் தொழிலாளரிடையே அடிக்கடி வருவதைக் கவனித்தார். அவரும் சக ஆய்வாளர்களும் 1968இல் பிரித்தானிய மருத்துவ ஏட்டில் அதை வெளியிட்டார்கள். கட்டுரையின் முதல் ஆசிரியரின் பெயரும் அச்சசன், டொனால்ட் அச்சசன். காபொரண்டம் அச்சசன் வேறு ஆள். 1995இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. கையால் தேய்த்த காலத்தைவிட மெஷினால் தேய்க்கும் காலத்தில் தூசி நுண்மையாகவும் அதிகமாகவும் பறக்கிறது. சீவுளியில் வரும் சுருள் காலடியில் விழும். 220 மெஷின் தூசி மூக்கு உயரத்தில் நிற்கும்.

இனி, முதலில் சொன்ன அந்தக் காரணம்.

நமது ஊர்களில் முப்பது நாற்பது வருடப் பழமையான கதவுகளும் யன்னல்களும் கம்பிகளும் நிறைய உள்ளன. பெருநாளுக்குப் பெருநாள் ஒரு பூச்சு என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தவை. பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு வரம்பு விதிக்கும் கட்டளை இலங்கையில் 2011இல் வந்து 2013 ஜனவரி முதல்தான் நடைமுறையானது. அதற்கு முந்திய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் காய்ந்தபடி தேய்த்தால் ஈயம் தூசியாகித் தரையில் படியும். தரையில் தவழ்வது யார்? கையை வாயில் வைப்பது யார்? ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இவ்வளவு மட்டும் போனால் பரவாயில்லை என்ற பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் இது எங்கள் வகுப்பறைக்குள் வந்து உட்காரும் விஷயம்.

பெயின்ட் பாஸிடம் சொல்லுங்கள்: பழைய பூச்சைக் கறுப்புத் தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கட்டும். அரை நாள் கூடும், கூலியும் கூடும். அதைக் கொடுத்துவிடுவோம். தேய்க்கும் நாளில் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். தரையைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள், துணியை எறியுங்கள். சுவரில் வோல் புட்டி தேய்க்கிறவர்களின் தலைமுடி வெள்ளையாவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அந்த வெள்ளை மூக்கினுள்ளும் போகிறது. அவர்களில் பெரும்பாலானோர் சாரத்தை மடித்துக் கட்டி, வாயில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்ட பதினெட்டு இருபது வயதுப் பொடியன்மார், நேற்று வரை நம் வகுப்பில் இருந்தவர்கள். நுண்ணிய தூசிக்குத் துணி காணாது. என்95 மாதிரியான முகமூடியை வீட்டுக்காரரே சாமான் லிஸ்டில் போட்டு வாங்கிக் கொடுக்கலாம். கூரைக்குப் பெயின்ட் அடிக்க முன் அஸ்பெஸ்டஸ் ஷீட்டைத் தேய்ப்பதோ கம்பி பிரஷ் போடுவதோ வேண்டவே வேண்டாம். அங்கே முகமூடி போட்டாலும் சரிவராது, அதைத் தொடாமல் விடுவதுதான் ஒரே வழி.

இன்னொரு வேண்டுகோள். பாடசாலையில் பிள்ளைகளுடன் சேர்ந்து ஊரின் பழைய தொழில்களைப் பதிவு செய்து வருகிறோம். வில்லிழுத்துக் கல் வெட்டிய வாப்பாமார், அப்பாமார் வீட்டில் இருந்தால், அல்லது பராய் இலையால் மரம் தேய்த்ததைக் கண்ட மூத்தவர்கள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். பழைய சில்லு, வில், குருந்தத் தூள் வைத்திருந்த சிரட்டை எது இருந்தாலும் கழுவி வைக்காதீர்கள், அப்படியே பார்க்க வேண்டும்.